மணி அடிக்காத நாலாம் பீரியட்

அத்தியாயம் 6

ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தின் நேரத்தை ஒரே உதையில் நிறுத்திய பெருமை, தம்பியின் இடது காலையே சேரும்.

வேண்டுமென்று உதைக்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் இருந்த அந்த அறையில் நிமிர்ந்தால் தலை இடிக்கும். குனிந்தால் சுருட்டி வைத்த உலகப்படம் கண்ணைக் குத்தும். கால் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே ஒரு மேசை. மேசை மேல் வெற்றிலை போடாதவரின் பழைய பல் நிறத்தில் ஒரு கம்ப்யூட்டர். திரை கிடையாது, கீபோர்டு கிடையாது, வெறும் பெட்டி. பதினேழு வருடமாக அதற்கு ஒரே உத்தியோகம்தான்: காலை எட்டரை முதல் மாலை மூன்றரை வரை பள்ளிக்கூட மணியை அடிப்பது.

"தம்பி, கீழே ஒயர் போகுது, பார்த்து வா" என்றாள் அண்ணி.

"பார்த்துட்டேன் அண்ணி" என்றான் தம்பி. வாக்கியம் முடிவதற்குள் பிளக் யுபிஎஸ்ஸை விட்டுக் கழன்று அவன் செருப்பு வாரில் தொங்கியது. பெட்டியின் விசிறி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

"நான் தொடவே இல்லை அண்ணி."

"தொடலை. உதைச்ச."

அண்ணி என்றால் அவனுடைய அண்ணன் மனைவி. ஊருக்கு அவள் துப்பறிவாளர், அவனுக்கு முதலாளி. வீட்டில் அண்ணன் சமைப்பார், அண்ணி துப்பறிவாள், இருவருக்கும் எடுபிடி தம்பி. வயது நாற்பத்தொன்று. ஆனாலும் உலகம் முழுக்க அவனுக்குத் தம்பி என்றே பெயர்.

அவர்கள் அங்கே வந்த காரணம் நாலு நிமிடம். இந்தப் பள்ளியில் நாற்பத்தொரு நாளாக எல்லா மணியும் நாலு நிமிடம் தாமதமாக அடித்துக்கொண்டிருந்தது. எட்டரைக்கு அடிக்க வேண்டியது எட்டு முப்பத்துநாலுக்கு அடித்தது. ஆசிரியர்கள் எல்லோரும் கவனித்தார்கள்; காலையில் நாலு நிமிடம் சும்மா கிடைக்கிறதே என்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. மூன்று நாளைக்கு முன் தாளாளர் வந்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், குதித்தார். இந்தப் பெட்டியின் நேரத்தை மாற்ற பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டு கம்ப்யூட்டர் சாருக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே கம்ப்யூட்டர் சார்தான் மாற்றினார், ஆகவே வீட்டுக்குப் போகட்டும் என்று தாளாளர் இரண்டே வரியில் கேஸை முடித்துவிட்டார். தலைமையாசிரியைதான் "முறையா ஒரு விசாரணை வெச்சிடலாம் ஐயா" என்று இழுத்துப் பிடித்திருந்தார். இன்று மதியம் இரண்டு மணிக்குத் தாளாளர் ஃபோன் செய்வார். அதற்குள் வேறு ஆள் கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டர் சாரின் வேலை போச்சு.

அந்தக் கம்ப்யூட்டர் சார் இப்போது வாசலில் நின்றார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் டம்ளர், மவுஸ் வைக்கிற அட்டை, ஒரு குட்டிக் கள்ளிச்செடி. கால்விரல் நிலைப்படியைத் தாண்டாமல் அளந்து வைத்திருந்தார்.

"என்ன சத்தம் நின்னு போச்சு?"

"ஒண்ணுமில்லை சார். லேசா ஓய்வு எடுக்குது" என்று தம்பி பிளக்கைச் சொருகிப் பொத்தானை அழுத்தினான். விசிறி சுற்றியது. 'பீப்' என்று ஒரே ஒரு சத்தம். அப்புறம் பேச்சு மூச்சு இல்லை. மறுபடி அணைத்து அழுத்தினான். மறுபடி ஒரு பீப்.

மணி பன்னிரண்டு இருபத்தைந்து. சாப்பாட்டு மணி அடிக்கவில்லை. இந்தப் பள்ளியில் மணி அடிக்காமல் யாரும் பெஞ்சை விட்டு எழக்கூடாது. அது தாளாளர் கையெழுத்துப் போட்டு எல்லா வகுப்புச் சுவரிலும் ஒட்டிய விதி. மாடியில் சரித்திர டீச்சர், நாலாம் பீரியட் முடியவே போவதில்லை என்று கண்டுகொண்ட குஷியில், அடுத்த போருக்கும் படையைத் திரட்டிக்கொண்டிருந்தார்.

"சார், என்ன பண்ணலாம்?"

"நான் சொல்லக் கூடாது. எந்த மெஷினையும் தொடக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு."

"தொட வேணாம் சார், வாயால சொல்லுங்க."

"சொல்றதும் ஒரு விதத்துல தொடறதுதானே?"

"நேராப் பதில் சொல்ற பழக்கமே இந்தக் கட்டடத்துல கிடையாதா?"

கம்ப்யூட்டர் சார் கள்ளிச்செடியைப் பார்த்தார். மறுபடி ஒரு பீப் கேட்டதும் அவர் முகம், குழந்தை அழுகிற சத்தம் கேட்ட தாய் முகம் மாதிரி ஆனது. "சரி. பொதுவாச் சொல்றேன். இந்தக் கம்ப்யூட்டரைப் பத்தி இல்லை. உலகத்துல எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. அது கிளம்ப மாட்டேங்குதுன்னு வைங்க."

"வெச்சாச்சு."

"அதை அணைச்சு, பிளக்கைக் கழட்டி, பக்கத்து மூடியைத் திறக்கணும். உள்ளே நீளமா பச்சைப் பட்டை ஒண்ணு செருகியிருக்கும், ராம். அதை எடுத்து, அடியில இருக்கிற தங்க நிறப் பல்லையெல்லாம் பென்சில் அழிக்கிற ரப்பரால தேய்ச்சு, திரும்ப அழுத்தி மாட்டணும். பாதி வியாதி அதுலயே போயிடும்."

பள்ளிக்கூடத்தில் ரப்பருக்கா பஞ்சம்? தம்பி தேய்த்தான். தும்மினான். மாட்டினான். பெட்டிக்குள் ஒரு கம்பளிக்குத் தேவையான தூசி இருந்தது. பொத்தானை அழுத்தினான்.

பீப்.

"இது மீதிப் பாதி வியாதி போலிருக்கு" என்றான்.

அண்ணி அதுவரை ஒரு உடைந்த நாற்காலியில் சாய்ந்து நின்றிருந்தாள். "சத்தம் மட்டும் கேட்டா எப்படி? என்ன சொல்ல வருதுன்னு பார்க்க வேணாமா? லேப்லேர்ந்து ஒரு திரையும் கீபோர்டும் கொண்டா."

தம்பி இரண்டு மாடி ஏறி இறங்கினான். வழியில் ஒவ்வொரு ஜன்னலிலும் முப்பது பசித்த முகங்கள் அவனைப் பார்த்தன. திரையைச் சொருகியதும் கறுப்பில் வெள்ளை எழுத்து வந்தது. அண்ணி படித்துச் சொன்னாள். "நேரம் தொலைஞ்சு போச்சாம். செட்டிங் எல்லாம் மறந்து போச்சாம். இப்ப நான் என்ன பண்ணட்டும்னு கேட்டுட்டு நிக்குது." தேதி இருந்த மூலையைத் தட்டினாள். பதினேழு வருடத்துக்கு முந்தைய ஜனவரி ஒன்று, இரவு பன்னிரண்டு மணி மூன்று நிமிடம்.

"அது மேல தப்பே இல்லை அண்ணி. அதுக்கு இப்ப நடுராத்திரி. யாராவது நடுராத்திரில மணி அடிப்பாங்களா?"

வாசலில் கம்ப்யூட்டர் சார் நெற்றியைச் சுருக்கினார். "அப்படின்னா பேட்டரி. பொதுவாச் சொல்றேன். கரண்ட் இல்லாதப்போ நேரத்தையும் செட்டிங்கையும் ஞாபகம் வெச்சுக்க காசு மாதிரி வட்டமா ஒரு பேட்டரி உண்டு. ஆனா போன வருஷம்தான் நானே புதுசு போட்டேன். அஞ்சு வருஷம் அசையாது."

"அது இருக்கே சார். ராமைத் தேய்க்கிறப்போ பார்த்தேன்."

அண்ணி மறுபடி பிளக்கைக் கழற்றச் சொன்னாள். டார்ச்சை அடித்தாள். ஹேர்பின்னால் நெம்பினாள். வந்ததை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

அடர் பச்சை நிறம். வட்டம். நடுவில் நாலு ஓட்டை. ஓட்டையில் கொஞ்சம் நூல்.

"தம்பி, உங்க ஊர்ல பேட்டரிக்கு நாலு ஓட்டை இருக்குமா?"

தம்பி குனிந்து பார்த்தான். அது ஒரு சட்டைப் பட்டன். இல்லை, சட்டையை விடப் பெரியது, கோட்டுப் பட்டன்.

"யாரோ பேட்டரியை எடுத்துட்டு, இடம் காலியாத் தெரியக் கூடாதுன்னு இதைச் செருகியிருக்காங்க" என்றாள் அண்ணி. "சார், உலகத்துல எங்கேயோ இருக்கிற அந்தக் கம்ப்யூட்டர், பேட்டரி இல்லாம ஓடுமா?"

"பிளக் சொருகி இருக்கிற வரைக்கும் ஓடும். ஒருத்தருக்கும் தெரியாது. பிளக்கை யாராவது புடுங்கினாத்தான்..." கம்ப்யூட்டர் சார் தம்பியின் காலைப் பார்த்தார். "அப்படி யாரும் இங்கே பண்ண மாட்டாங்களே."

"பேட்டரியை எடுத்து, பிளக்கையும் ஒரு தரம் புடுங்கினா?"

"எல்லாம் மறந்து போகும். நேரம், செட்டிங், பாஸ்வேர்டு..." சார் பாதியில் நிறுத்திக்கொண்டார். அட்டைப்பெட்டி கையில் சரிந்தது.

"பாஸ்வேர்டை மறக்கடிக்கத்தான் பேட்டரியைக் கழட்டியிருக்காங்க" என்றாள் அண்ணி. "பாஸ்வேர்டு தெரிஞ்ச மனுஷன் எதுக்கு இவ்வளவு பாடுபடணும்? உட்கார்ந்து நாலு எழுத்தைத் தட்டிட்டுப் போயிருப்பாரே. நீங்க இல்லை சார்."

மூன்று நாளில் முதல்முறையாகக் கம்ப்யூட்டர் சாரின் தோள் கீழே இறங்கியது. தம்பி உடனே, "ஆக ஒருத்தர் நிரபராதி. மிச்சம் எல்லாரும் குற்றவாளி. கேஸ் நல்லா முன்னேறுது" என்றான்.

"நீங்க இல்லைன்னா போதாது. யாருன்னு சொன்னாத்தான் தாளாளர் விடுவார். தம்பி, ஒரு பட்டன் குறைஞ்ச ஆளைத் தேடு."

இந்த நேரம் பார்த்து பி.டி. மாஸ்டர் விசிலோடு ஓடி வந்தார். "ஹெச்.எம். மேடம் பிள்ளைங்களைச் சாப்பாட்டுக்கு விடச் சொல்லிட்டாங்க. விதியை அப்புறம் பார்த்துக்கலாமாம். ஊதிடட்டுமா?"

"ஊதுங்க" என்றாள் அண்ணி.

ஊதினார். பத்து வருடமாக அந்த விசிலுக்கு அந்தப் பள்ளியில் ஒரே அர்த்தம்: உடனே மைதானத்துக்கு வந்து வரிசையில் நில். மூன்று நிமிடத்தில் ஆயிரத்து இருநூறு பேரும், எல்லா ஆசிரியர்களும் வெயிலில் கை நீட்டி இடைவெளி பார்த்து நின்றார்கள். சரித்திர டீச்சர் மட்டும் சாக்பீஸோடு முனகிக்கொண்டே வந்தார்.

"சாப்பாடுய்யா, சாப்பாடு!" என்று மாஸ்டர் அலறினார்.

"ஒரு நிமிஷம் மாஸ்டர்" என்றாள் அண்ணி. "கடவுளாப் பார்த்து நிக்க வெச்சிருக்கார். தம்பி, போ."

தம்பி படைத்தளபதி மாதிரி ஆசிரியர் வரிசையை ஒரு சுற்று சுற்றினான். லேப் கோட்டுகளில் வெள்ளைப் பட்டன். வாட்ச்மேன் கோட்டில் பித்தளைப் பட்டன், ஏழுக்கு ஏழு. பி.டி. மாஸ்டருக்கு ஜிப். பிள்ளைகளின் கோட்டில் கறுப்பு. முழு மைதானத்திலும் பட்டன் குறைந்த கோட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவனுடையது.

"என்னோடது பழுப்பு அண்ணி! ரெண்டு ஓட்டைதான்! போன மழைக்காலத்துல பஸ்ல போச்சு!"

"உன்னை யாரு கேட்டா? பேட்டரி எந்தப் பக்கம் மாட்டறதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"விடுதலை."

பிள்ளைகள் டிபன் பாக்ஸை நோக்கிப் பறந்தார்கள். அண்ணி பட்டனை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, ஒரு சம்பந்தமும் இல்லாமல் வாட்ச்மேனிடம் கேட்டாள். "காலைல கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீங்க அண்ணே?"

"மணி அடிச்சாப் பூட்டுவேன்மா."

"லேட்டா வந்தவங்க?"

"பேரை எழுதிட்டு வெளியவே நிக்க வைப்பேன். ரெண்டாவது பீரியடுக்குத்தான் உள்ள. அதான் ரூலு." அவர் நோட்டை நீட்டினார். "நானா போட்ட ரூல் இல்லை, ஆமா."

அண்ணி புரட்டினாள். ஒரு பக்கத்துக்கு இருபத்தாறு பேர். அடுத்த பக்கத்திலும் அதே இருபத்தாறு. அதற்கடுத்தும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தலைமையாசிரியையின் கையெழுத்து, பின்பக்கம் வரை பதிகிற அழுத்தத்தில். அப்புறம் திடீரென்று தேதி மட்டும் போட்ட வெறும் பக்கங்கள். தம்பி எண்ணினான். நாற்பத்தொன்று.

"எல்லாம் ஒரே பஸ்ஸுங்கம்மா. பாலம் ரிப்பேர்னு ரூட்டை மாத்திட்டாங்க. எட்டு முப்பத்துமூணுக்குத்தான் வந்து நிக்கும். அதுங்க ஓடி வர்ற ஓட்டத்தைப் பார்க்கணுமே. மூஞ்சிக்கு நேரா நான் கேட்டைச் சாத்துவேன்." வாட்ச்மேன் தூரத்தில் எதையோ பார்த்தார். "இப்ப ரெண்டு மாசமா ஒரு தொல்லையும் இல்லை. ஏன்னு நான் கேக்கலை. கேட்டா நின்னு போயிடுமே."

அண்ணி நடக்க ஆரம்பித்தாள். தம்பி பின்னால் ஓடினான்.

"அண்ணி, எங்கே?"

"பட்டனைப் பார்த்தியா? ஒரு கீறல் இல்லை. நூலு ரெண்டே சுத்து, அதுவும் ஒப்புக்கு. இது ஒரு நாள்கூட வேலை பார்த்த பட்டன் இல்லை."

"என் ஜாதி."

"இது கோட்டுக்கு முன்னாடி இருந்ததே இல்லை தம்பி. உள்ளே இருந்தது. வா."

தலைமையாசிரியையின் அறையில் ஏசி ஒரு கப்பல் மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. மேசையில் மூன்று கோப்பு, ஒரு டெலிஃபோன். சுவர்க்கடிகாரம் இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கிறது என்றது. நாற்காலி முதுகில் ஒரு அடர் பச்சை ஸ்வெட்டர். தம்பியின் கண் தானாக எண்ணியது: முன்பக்கம் ஆறு பட்டன், ஆறும் இருந்தன. அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த அம்மாளைப் பிடித்துப் போயிருந்தது.

"கண்டுபிடிச்சீங்களா?" என்றார் தலைமையாசிரியை.

"குளிருது மேடம். அந்த ஸ்வெட்டரைக் கொஞ்சம் குடுக்கறீங்களா?"

அவர் யோசிக்காமல் கொடுத்தார். அண்ணி அதைப் போட்டுக்கொள்ளவில்லை. உள்பக்கம் திருப்பி, இடது தையலில் இருந்த துணி லேபிளைப் பிடித்தாள். புது ஸ்வெட்டர் வாங்கினால், ஒன்று தொலைந்தால் இருக்கட்டும் என்று உபரியாக ஒரு பட்டன் அங்கே தைத்துக் கொடுப்பார்கள். இதில் பட்டன் இல்லை. கத்தரித்த நூல் முனை இரண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

அண்ணி பச்சைப் பட்டனை லேபிள் மேல் வைத்தாள்.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "கிளிப்பை விட்டதும் பேட்டரி துள்ளி எங்கேயோ உருண்டுடுச்சு. அரை மணி நேரம் முட்டி போட்டுத் தேடினேன். கிடைக்கலை. பிளக் இருக்கிற வரைக்கும் ஓடும்னு தெரியும். இருபது வருஷம் ஃபிசிக்ஸ் எடுத்தவ நான். யாரு வந்து பிளக்கை உதைக்கப் போறாங்கன்னு இருந்துட்டேன்."

தம்பி காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"சாரைக் கேட்டிருந்தா பாஸ்வேர்டு குடுத்திருப்பாரே மேடம்" என்றாள் அண்ணி.

"குடுத்திருப்பார். அப்புறம் மாட்டினா அவரும் சேர்ந்து மாட்டணும். அதனாலதான் கேக்கலை. கேக்காததாலயே அவர் தலைல விழும்னு எனக்குத் தோணவே இல்லை." குரல் இறங்கியது. "கேட்டைப் பத்தி மூணு லெட்டர் எழுதினேன். பதில் இல்லை. தினமும் அந்த நோட்டுல கையெழுத்துப் போடறது நான். மழையில நனைஞ்ச நோட்டுல ஒருநாள் போட்டேன். அன்னிக்குத்தான் அந்தப் பெட்டியைத் திறந்தேன்."

டெலிஃபோன் அடித்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். அண்ணி ஸ்வெட்டரை மடித்து மேசை மேல் வைத்தாள். "ரிப்போர்ட் இன்னும் எழுதலை மேடம். எங்க கையெழுத்துல போகணுமா, உங்க வாயால போகணுமான்னு நீங்க சொல்லுங்க."

நாலாவது மணியில் தலைமையாசிரியை ரிசீவரை எடுத்தார்.

"ஐயா, விசாரணை முடிஞ்சது. கம்ப்யூட்டர் சாருக்கு இதுல சம்பந்தமே இல்லை. மணியை மாத்தினது நான்... இல்லை ஐயா, தமாஷ் பண்ணலை... ஆமா, நானேதான்... தாராளமா வேற ஆளைப் போடுங்க. ஆனா நாளைக்குக் காலைல எட்டரைக்கு நீங்க வந்து உங்க கையால கேட்டைப் பூட்டணும். இருபத்தாறு பேர் ஓடி வருவாங்க. அதுங்க மூஞ்சியைப் பார்த்துப் பூட்டுங்க." ரிசீவரைக் காது மாற்றிப் பிடித்தார். "கேட்டை மட்டும் அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பூட்டினாப் போதும் ஐயா. மூணு லெட்டர்லயும் அதைத்தானே எழுதினேன்... பிரிக்கவே இல்லையா?... சரி ஐயா. சரி."

ரிசீவரை வைத்தார். "என்னைப் பத்தி கமிட்டில பேசுவாராம். பேசட்டும். கேட் எட்டு முப்பத்தஞ்சுக்கு. எழுத்துலயே அனுப்பறாராம்." பிறகு கதவுப் பக்கம் குரல் கொடுத்தார். "சார், எவ்வளவு நேரம் கதவுக்குப் பின்னாடியே நிப்பீங்க? போய் அந்த மணியைச் சரி பண்ணுங்க. நீங்க தொடலாம். உங்களை மூணு நாள் அப்படி நிக்க விட்டதுக்கு..."

கம்ப்யூட்டர் சார் எட்டிப் பார்த்தார். அட்டைப்பெட்டியிலிருந்து கள்ளிச்செடியை எடுத்துத் தலைமையாசிரியையின் மேசை ஓரத்தில் வைத்தார். "இதுக்கு வாரம் ஒரு தரம் தண்ணி போதும் மேடம்" என்று சொல்லிவிட்டு மாடிப்படியை நோக்கி ஓடினார்.

அண்ணி பையை மாட்டிக்கொண்டாள். தம்பிக்கு மட்டும் கால் நகரவில்லை. ஒரு விஷயம் உள்ளே குடைந்துகொண்டிருந்தது.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. மணியை மாத்தினது நீங்க. விசாரணை வேணும்னு துப்பறியற ஆளைத் தேடிப் பிடிச்சதும் நீங்க. ஊர்ல எத்தனையோ பேர் இருக்காங்க. போயும் போயும் எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"நேராச் சொல்லட்டுமா?"

"காலைலேர்ந்து இங்கே யாருமே சொல்லலை மேடம். நீங்களாவது சொல்லுங்க."

தலைமையாசிரியை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவனை அன்போடு பார்த்தார்.

"நாலு இடத்துல விசாரிச்சேன். நீங்க எடுத்த ஒரு கேஸுலயும் இதுவரைக்கும் ஆளைக் கண்டுபிடிச்சதே இல்லைன்னு சொன்னாங்க. ஆள் தெரியலைன்னு ஒரு ரிப்போர்ட் வந்தா சாரையும் அனுப்ப முடியாது, மணியும் அப்படியே ஓடும். உங்க மேல அவ்வளவு நம்பிக்கை வெச்சிருந்தேன் தம்பி."